எண்ணெய் போட்ட ஊஞ்சல்

பூங்கா நிர்வாகம் என்றதும் எல்லாரும் பூவைத்தான் நினைக்கிறார்கள். "குடுத்து வச்சவங்க, நாள் முழுக்க மரம் செடியோட இருக்கீங்க" என்று எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை மின்தூக்கியில் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். மரம் செடியோடு இருப்பவர்கள் வேறு ஆட்கள். நான் இருப்பது புகார்களோடு. இலை விழுந்தால் குப்பை என்று புகார். கிளையைக் கழித்தால் நிழல் போய்விட்டதென்று புகார். காலை உடற்பயிற்சி வகுப்பில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று ஒருவர், பாட்டே கேட்கவில்லை என்று இன்னொருவர். இருவரும் ஒரே அடுக்குமாடிப் புளோக்கில் குடியிருப்பவர்கள்.

குறையாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் மக்கள் அரசாங்கத்தோடு பேசிக்கொள்ளும் முறை அது. எங்களுக்கும் அது பழகிவிட்டது. புகார் வந்தால் சரிசெய்வோம், சரிசெய்ததும் முடித்துவிடுவோம். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள பூங்காக்கள், விளையாட்டிடங்கள், பூப்பந்துத் திடல்கள், முதியோருக்கான வகுப்புகள் எல்லாம் என் பொறுப்பு. கெடுவுக்குள் முடிக்காத புகார் கணினித் திரையில் சிவப்பாகிவிடும். எனக்குச் சிவப்பைக் கண்டால் ஆகாது. "அக்காகிட்ட போச்சுன்னா அன்னிக்கே க்ளோஸ் லா" என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

தேக்கா சந்தைக்குப் பின்புறம், கடைகளின் இரைச்சல் அடங்கும் இடத்தில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. நாலைந்து மழைமரங்கள், உட்காருவதற்கு ஒரு கூரை, சறுக்குமரம், ஊஞ்சல், அவ்வளவுதான். அதை ஒட்டியே ஒரு பழைய அடுக்குமாடிப் புளோக். பூங்காவின் அறிவிப்புப் பலகையில் எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துத் தவறாமல் அழைத்த ஒரே ஆள் அந்தப் புளோக்கின் ஆறாவது மாடியில் இருந்தார்.

அவர் அழைப்பது திங்கட்கிழமை காலையில். அந்த நேரத்தில் மற்ற அதிகாரிகள் எல்லாரும் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கப் போயிருப்பார்கள். நானும் குளிர்சாதனத்தின் ஓசையும் மட்டும்தான் இருப்போம். முதல் தடவை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பூங்கா விளக்கு அவருடைய படுக்கையறைக்குள் வெளிச்சம் அடிக்கிறதாம். என் பெயரைச் சொன்னதும் சட்டென்று தமிழுக்குத் தாவினார்.

"தமிழ் ஆளா? அப்ப நல்லாவே திட்டலாம் லா."

"திட்டுங்க அங்கிள். ஆனா முதல்ல எந்த விளக்குன்னு சொல்லிடுங்க."

சொன்னார். விளக்குக்கு மறைப்புத் தகடு போட்டுக் கொடுத்தோம். அடுத்த திங்கள் நன்றி சொல்லப்போகிறார் என்று எடுத்தால், காட்டுச்சேவல் ஒன்று விடியும் முன்னே கூவுகிறது என்றார். அதற்கும் ஆள் அனுப்பினோம். பிறகு நடைபாதையை வேர் தூக்கிவிட்டது, கால் தடுக்குகிறது. வேரைச் சுற்றிப் பாதையை வளைத்துப் போட்டோம். பிறகு கூரையில் மழைநீர் தேங்குகிறது, கொசு வரும். அதையும் சரிசெய்தோம். அவர் குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். நான் அதைத் தீர்த்துக்கட்டுவதில் கெட்டிக்காரி. இருவருக்கும் நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

புகாரைச் சொல்லி முடித்ததும் அவர் உடனே வைத்துவிட மாட்டார். தேக்காவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருந்தவர். பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம், இவர் பிறந்ததெல்லாம் இங்கேதான். கடையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. மனைவி மௌத்தாகிவிட்டார். மகன் பெர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறார்.

"ஊருக்குப் போறவனுக்கெல்லாம் பொட்டி வித்தேன். சக்கரம் நல்லா உருளுதான்னு தரையில உருட்டிக் காட்டிக் குடுப்பேன். இப்ப நான் கீழ இறங்கணும்னா யாராவது கையைப் புடிக்கணும். கண்ணுல பிரஷர் ஏறிப் போச்சு. நடுவுல இருக்குறது தெரியுது, ஓரமெல்லாம் இருட்டு."

இதையெல்லாம் அவர் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். நானும் "ம்" கொட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னொரு கையால் மற்ற வேலைகளைப் பார்ப்பதாகத்தான் முதலில் எண்ணம். போகப்போக அந்த இன்னொரு கை சும்மாவே இருந்தது.

ஒருநாள் வைக்கும் முன் கேட்டார், "சாப்பிட்டீங்களாம்மா?"

"சாப்பிட்டேன் அங்கிள்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா இருந்தவரை உட்லண்ட்ஸ் வீட்டில் நான் கதவைத் திறக்கும் முன்னே அந்தக் கேள்வி வந்துவிடும். எரிச்சலாகக்கூட இருக்கும். செருப்பையாவது கழற்ற விடுங்கள் என்பேன். அம்மா போன பிறகு கட்டிலைக் கொடுத்துவிட்டேன், புடவைகளைக் கொடுத்துவிட்டேன், மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தேன். அந்தக் கேள்வி மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பம் தீபாவளிக்கு அழைக்கும். மற்ற நாட்களில் என் கைபேசிக்குத் தவறாமல் அழைப்பவர்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லும் ஏமாற்றுக்காரர்கள்தான். அவர்கள்கூட நான் வாயைத் திறந்ததும் இது தேறாத கேஸ் என்று வைத்துவிடுகிறார்கள்.

ஆக, திங்கட்கிழமையை நான் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். வேலைக்குப் போகிற எந்த மனுஷி திங்கட்கிழமையை எதிர்பார்ப்பாள்?

அப்படி ஒரு திங்களன்று அவர் ஊஞ்சலைப் பற்றிச் சொன்னார்.

"கிறீச் கிறீச்னு ஒரே சத்தம்மா. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா ஆரம்பிச்சிடுது."

நான் அன்று பிற்பகலே ஆளை அனுப்பினேன். மேல் கம்பியில் சங்கிலி மாட்டியிருக்கும் இடத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, ஆட்டிப் பார்த்து, படம் எடுத்தும் அனுப்பிவிட்டார்கள். மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் புகாரை முடித்தேன்.

அடுத்த திங்கள் அவர் அழைக்கவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று மனசு அடித்துக்கொண்டது. அவருடைய எண் என்னிடம் இருந்தது. ஆனால் என்ன சொல்லி அழைப்பது? புகார் ஏதும் இல்லையா என்று கேட்கவா? கடைசியில் மூன்றாவது திங்கள் அவரே அழைத்தார். குரலில் பழைய சுறுசுறுப்பு இல்லை.

"ஊஞ்சல் சத்தமே வரமாட்டேங்குதும்மா."

"ஆமா அங்கிள், எண்ணெய் போட்டுட்டோமே. நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். சொல்றதுக்கு ஏதாச்சும் வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே எரிச்சலும் வந்தது. வேலையத்துப் போய் ஆளை அனுப்பினோமா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்குச் சன்னல் வழியா ஒன்னும் சரியாத் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டா கீழ யாரோ இருக்காங்கன்னு தெரியும். சின்னப் பிள்ளைன்னா வேகமா வரும். வளந்த பிள்ளைன்னா இழுத்து இழுத்து வரும். நின்னுச்சுன்னா இருட்டப்போகுதுன்னு அர்த்தம், எந்திரிச்சி தொழுகைக்கு ஒளு எடுக்கப் போவேன். இப்ப பிள்ளைங்க இருக்காங்களா, போயிட்டாங்களான்னே தெரியல."

எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். எந்தத் தலைப்பில் அந்த வேலையைப் பதிவது? ஊஞ்சலில் சத்தம் இல்லை, சத்தம் வரவழைக்கவும் என்று ஒப்பந்த நிறுவனத்துக்குச் சொன்னால் எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது என்று அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

"வேற ஏதாச்சும் இருக்கா அங்கிள்? விளக்கு, சேவல்?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு." பிறகு, "நீங்கதான் எல்லாத்தையும் சரி பண்ணிடுறீங்களே."

அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் என்னிடம் பாராட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே எங்கள் அலுவலகத்தில் ஒரு மாற்றம் வந்தது. எல்லாப் புகார்களும் இனி ஒரே மையத்துக்குப் போகும், இல்லாவிட்டால் கைபேசிச் செயலி வழியாக வரும், கிளை அலுவலகங்களில் தனி எண் கிடையாது. கூட்டத்தில் இதை விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நல்ல ஏற்பாடுதான். வேறு யாராவது எதிர்த்துப் பேசியிருந்தால் நானே எழுந்து அதன் நன்மைகளைச் சொல்லியிருப்பேன்.

கடைசித் திங்களன்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப உங்ககிட்ட பேச முடியாதா?"

"மையத்துல இருக்குறவங்க நல்லாப் பேசுவாங்க அங்கிள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க."

"அது சரி." பிறகு, "அவங்களுக்கு நம்ம சேவலைத் தெரியாதே" என்றார்.

என் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கலாம். விதி இடம் கொடுக்காது என்பது உண்மை. விதியைவிடப் பெரிய தடை நான்தான். ஒரு புகார் இல்லாமல் இன்னொரு மனிதரோடு பேசுவது எப்படி என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் வழக்கம்போலச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை அங்கிள் என்று முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். "போய்ச் சாப்பிடுங்க, அப்புறமா வேலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பின் மேசையிலிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் மேசையின் நிறம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. திங்கட்கிழமை காலைகளில் வேலை மளமளவென்று நடந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அடிக்கடி நானே வாய்விட்டுப் பேசிக்கொண்டேன். மையத்திலிருந்து வரும் புகார்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அந்தப் பூங்காவைப் பற்றி ஒன்றும் வரவில்லை. குறையில்லாத பூங்கா என்று காலாண்டுக் கூட்டத்தில் அதற்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை முட்டியது. இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போவது வழக்கம். கூட்டத்தில் முட்டி மோதி வாங்கிவிட்டு நேரே ரயிலேறிவிடுவேன். ஒரு ஞாயிறு மாலை பைகளோடு அந்தப் பூங்காவுக்குப் போனேன். மேற்பார்வைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கு மறைப்பு ஒழுங்காக இருந்தது. வளைத்த பாதையில் ஓர் இலைகூட இல்லை. விளையாட்டிடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாம் துணைப்பாட வகுப்பிலோ, கைபேசியிலோ, கடைத்தொகுதிக் குளிரிலோ இருக்கும். பிள்ளைகளே வராததற்கு எண்ணெய் என்ன செய்யும்?

நிமிர்ந்து ஆறாவது மாடியைப் பார்த்தேன். வரிசையாகச் சன்னல்கள். எது அவருடையது என்று தெரியாது. ஒரு கொடியில் லுங்கி காய்ந்தது, ஒன்றில் பள்ளிச் சீருடை, மற்றவை காலி. மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். எந்தக் கதவை, என்ன சொல்லி?

கால் வலித்தது. கூரைக்குக் கீழே இருந்த இருக்கையில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது, அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தேன். சிறுவர்களுக்கு மட்டும் என்று பக்கத்திலேயே பலகை இருக்கிறது. அதை வைத்ததே நான்தான். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, கால் பெருவிரலால் தரையை லேசாக உந்தினேன்.

கிறீச்.

பிள்ளைகளின் எடைக்கு வராத சத்தம் என் எடைக்கு வந்துவிட்டது. பயப்படும்படியான சத்தமில்லை. கழன்று வரும் சத்தம் எது, சும்மா சிணுங்கும் சத்தம் எது என்று பிரிக்கத் தெரியாமலா இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறேன்? மறுபடி உந்தினேன். அந்த ஜோடி திரும்பிப் பார்த்து, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும்தான் நிறுத்தினேன். அவர் ஒளு எடுக்கப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும். மேலே யாராவது கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் பெர்த்துக்கே போய்விட்டிருக்கலாம். ஆசுபத்திரியில் இருக்கலாம். அதற்கு மேல் யோசிக்காமல் ஆடுவேன். ஊஞ்சலில் இருக்கும் நேரத்தில் எனக்கு இந்த உலகத்தில் ஒரு வேலை இருப்பதுபோலத் தோன்றும். ரயிலில் உட்லண்ட்ஸ் திரும்பும்போது அந்த நினைப்பு ஒவ்வொரு நிலையமாக இறங்கிப் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை காலை மையத்திலிருந்து ஒரு பெண் என் கைபேசிக்கு அழைத்தார். "மேம், ஒரு அங்கிள் லைன்ல இருக்காங்க. தமிழ்ல பேசுற பார்க் மேனேஜர்கிட்டதான் சொல்வேன்னு ஸ்ட்ராங்கா நிக்கிறாங்க. கனெக்ட் பண்ணவா?"

பண்ணுங்கள் என்றேன்.

"ஏம்மா, நீங்கதானா?"

"நான்தான் அங்கிள். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். ஊஞ்சல் விஷயமாப் பேசணும்."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாரோ ஊஞ்சல் ஆடுறாங்க. பிள்ளைங்க இல்ல, பெரிய ஆளு. சத்தத்துலயே தெரியுது, பாரமா, மெதுவா வருது. இருட்டுறவரைக்கும் ஆடுறாங்க."

"அங்க பெரியவங்க ஆடக் கூடாது அங்கிள்" என்றேன். பழக்கதோஷம், வாயில் அதுதான் வந்தது.

"அதுக்குத்தாம்மா போன் பண்ணேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாராச்சும் பார்த்து உங்களுக்குக் கம்ப்ளெயின் குடுத்துடுவாங்க. நீங்க உடனே ஆள் அனுப்பி வெரட்டிடுவீங்க. ஊஞ்சலுக்கும் எண்ணெய் போட்டுடுவீங்க. உங்களைப் பத்தித் தெரியாதா? அவங்களை ஒன்னும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துக்கு ஒரு பெரிய மனுஷர் தனியா வந்து ஊஞ்சல்ல உக்காந்திருக்காங்கன்னா, பாவம், வீட்டுல பேசுறதுக்கு யாரும் இல்லாத ஆளா இருக்கும்."

இத்தனை நாளும் அவர்தான் தனியாள், நான் அவருக்குத் துணை போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் எடையை வைத்தும் என் வேகத்தை வைத்தும், என் முகத்தைப் பார்க்காமலே, அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் அங்கிள். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"முடிஞ்சா இன்னொன்னும் செய்ங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வர்றாங்க. மத்த நாள்லயும் வரலாம்னு சொல்லி வைங்க. நான் இங்கதான் இருக்கேன்."

சொல்லி வைப்பதாகச் சொன்னேன். அது நான்தான் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அவருக்குக் கவலைப்பட ஓர் ஆள் குறைந்துவிடும் என்று தோன்றியது. வைக்கும் முன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நானும் அவரிடம் திருப்பிக் கேட்டேன். நேற்று வைத்த மீன் குழம்பு இருக்கிறது என்றார்.

இப்போது புதன்கிழமையும் போகிறேன். அலுவலகம் விட்டதும் நேரே போய், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை ஆடுகிறேன். மேலே எந்தச் சன்னல் என்று இன்னமும் எனக்குத் தெரியாது.

மையத்தின் வழியாக வந்ததால் அந்த அழைப்பும் ஒரு புகாராகப் பதிவாகியிருந்தது. விளையாட்டிடத்தில் பெரியவர் ஒருவர் ஊஞ்சல் ஆடுகிறார் என்று எழுதி என் பெயருக்கு அனுப்பியிருந்தார்கள். கெடு எப்போதோ தாண்டிவிட்டது. காலையில் திரையைத் திறந்தால் முதல் வரியில் சிவப்பாக அதுதான் நிற்கிறது. போன வாரம் மேலதிகாரி என் மேசைக்கே வந்து, உங்களிடம் ஒன்று முடியாமல் கிடப்பதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன், என்ன சிக்கல் என்று கேட்டார். சிக்கல் ஒன்றுமில்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.